பின்னால் வருபவை

பழைய கண்ணாடிகளில்
என் முழங்கைகள்தான் தெரிந்தன.
ஜெனோவா முழுக்க முழங்கை.
லாரி வருகிறதா என்று பார்த்தால்
ஜாக்கெட்டின் மடிப்பு,
அதற்கப்பால் ஒரு விரற்கடை சாலை,
ஓரத்தில் துல்லியோவின் தோள்,
ஹெல்மெட்டில் பாதி.

கழற்றிவிட்டேன்.
கொம்பு தீய்த்த மாடுபோல் நின்றது வண்டி.
"நல்லாத்தான் இருக்கு,
போலீஸுக்கும் பிடிக்கும்" என்றான்.

புதியவை வட்டம், உள்ளங்கை அகலம்.
கைப்பிடி ரப்பரின் மூடிய நுனியை
மீன் வெட்டும் கத்தியால் அறுத்தேன்.
எடைக்கட்டியைக் கழற்றியதும்
குழாய் வாய் திறந்தது.
உள்ளே துரு, செத்த சிலந்தி ஒன்று.
ஆலன் சாவியைத் திருகத் திருக
ஆப்பு உள்ளுக்குள் அகன்று
பல்லைக் கடித்துக்கொண்டது.
வலப்பக்கம் மட்டும்
ஒரு நகத்தின் கனம் இடைவெளி விட வேண்டும்,
இல்லையென்றால் முறுக்கிய ஆக்சிலேட்டர்
திரும்பி வராது.
முதல் தடவை நான் விடவில்லை.
சந்துமுனை ரொட்டிக்கடையின்
கூடைகளுக்கு அது தெரியும்.

குனிந்து பார்க்க வேண்டுமே,
சிரமமில்லையா என்று கேட்டார்கள்.
நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள்.
நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடித் தரைமேல்,
இரண்டு முழங்காலுக்கும் நடுவே பார்த்துப் பார்த்துத்தான்
பன்னிரண்டு வருடமாகச் சம்பளம்.

முதல் ஞாயிறு, கமோலி போகும் சாலையில்
பின்னால் இருப்பதெல்லாம்
முழுசாக வந்தது:
சுரங்கத்தின் வாய்,
துணி காயும் பால்கனிகள்,
வளைவில் நழுவிய ஒரு துண்டுக் கடல்,
பொறுமையில்லாத வெள்ளை வேன்.
நான் மட்டும் எங்கும் இல்லை.
அப்பாடா என்றிருந்தது.

நாலாயிரம் சுற்றைத் தாண்டினால் நடுங்கும்,
ஒரு வேன் நாலு வேனாகும்.
கட்டி போனதிலிருந்து
சுண்டுவிரல் மரத்துப்போகிறது.
உப்புக்காற்று திருகாணியைத் தின்கிறது.
எங்கள் சந்துக்குள் நுழைய
இடப்பக்கத்தை மடக்கியாக வேண்டும்.
மடக்கி வைத்ததைக் காலையில் யாரோ
நிமிர்த்தி வைத்திருப்பார்கள்.
ஒருநாள் அதன் விளிம்பில் உதட்டுச்சாயம்.

நெர்வி சிக்னலில் அது நடந்தது.
துல்லியோவின் கையுறை விழுந்தது.
சொல்லாமல் இறங்கினான்.
(சொன்னேன் என்கிறான்.)
பச்சை விழுந்தது, கிளம்பிவிட்டேன்.
குவிந்த கண்ணாடிக்குள்
நகக்கண் அளவு ஒரு மனிதன்
எதையோ வீசி வீசி ஓடி வந்தான்.
பாவம், பஸ்ஸை விட்டுவிட்டான் போல,
என்று துல்லியோவிடமே சொன்னேன்.
பிறகு அவன் அக்கா வீட்டு ஈரச்சுவரைப் பற்றி,
யார் காசில் பூசுவது என்பதைப் பற்றி,
நீளமாக, ஒருமுறையாவது குறுக்கீடு இல்லாமல்.
மூன்றாவது வளைவில்
வண்டி மிகவும் லேசாகச் சாய்ந்தது.

அப்போதுதான்.

திரும்பிப் போனபோது
நடைபாதைச் சுவரில் உட்கார்ந்து
ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தான்.
எனக்கு வாங்கவில்லை.

பழைய ஜோடியில் ஒன்றைக்
குளியலறை ஜன்னல் கம்பியில் முடுக்கி
அதில்தான் சவரம் செய்கிறான் இப்போது.
"இதில் நான் தெரிகிறேன்" என்கிறான்,
சோப்பு நுரைக்குள்ளிருந்து, எனக்குக் கேட்கும்படி.

மாற்றி மாட்டவில்லை நான்.
சிவப்பு விளக்கில் நியூட்ரலுக்கு வந்ததும்
இடது கையைப் பின்னால் விட்டு
முழங்காலைத் தட்டிப் பார்க்கிறேன்.
"இருக்கேன்."
சில நாள் பதில் வருவதில்லை,
இன்னொரு முறை தட்டட்டும் என்று.